அழிக்காத கணக்கு

இரண்டாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பம்பரம் மிஸ். பதினோரு வருஷமாக அந்த வகுப்பில் இருக்கிறாள். சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று சாட்சி சொல்ல ஆள் இல்லை. வீட்டிலும் இதே கதைதான். கணவர் கடைசி வாய் குடிப்பதற்குள் தம்ளர் கழுவப் போய்விடும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வந்தவள் என்பார் மாமியார். அது பாராட்டா, திட்டா என்று இன்றுவரை தெரியாது.

அந்த வாரம் அவளுக்குச் சோறும் இறங்கவில்லை. காரணம், மூன்றாவது பெஞ்சு ரெட்டைச் சடைக்காரி. போன மாதம் வரை வகுப்பிலேயே கெட்டிக்காரி. அப்படிச் சொல்லி எத்தனை தரம் முதுகில் தட்டியிருப்பாள் என்று டீச்சருக்கே நினைவில்லை. கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு வந்தது, ஒன்று தப்பாயிற்று. குழந்தை அதைத் தாள் கிழியும்வரை அழித்தது. அன்றோடு சரி, பென்சிலைத் தொடவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் நோட்டில் எதையாவது எழுதாவிட்டால் ஒன்றாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

டீச்சர் ஒரு தந்திரம் செய்தாள். தப்பு வந்தால் தலை போய்விடாது என்று காட்டுவதற்காக, போர்டில் வேண்டுமென்றே இரண்டும் இரண்டும் ஐந்து என்று எழுதினாள். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரெட்டைச் சடை மட்டும் சிரிக்கவில்லை. டீச்சர் பக்கத்தில் போய் ஏன் என்று கேட்டாள்.

“நீங்க வேணும்னே பண்றீங்க மிஸ். நெஜமா தப்பு வந்தா, யாரும் பாக்கறதுக்குள்ள கையாலயே அழிச்சிடுவீங்க.”

டீச்சர் தன் உள்ளங்கை ஓரத்தைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று சாக்பீஸ் தூள். சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் வாசலில் வந்து நின்றார். படபடப்பில் டீச்சர் ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழித்து முப்பத்தைந்து என்று போட்டுவிட்டாள். தப்பு மிஸ் என்றது முதல் பெஞ்சு. இது நாடகமில்லை. காது சுட்டது. கை தானாகவே போர்டுக்குப் போயிற்று. ரெட்டைச் சடை அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்து இறக்கினாள். வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது.

“நெஜமாவே தப்பு பண்ணிட்டேன். அஞ்சுல ஒண்ணு குடுத்தத மறந்துட்டேன்.”

முப்பத்தைந்தை அப்படியே விட்டுவிட்டு, கீழே மறுபடி போட்டாள். இருபத்தைந்து. ஹெட்மிஸ்ட்ரஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த கணக்கு, நாற்பத்தொன்றிலிருந்து பதினெட்டு. ரெட்டைச் சடை நோட்டைத் திறந்தாள். முப்பத்துமூன்று என்று எழுதினாள். பெஞ்சுகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்த டீச்சருக்கு நாக்கு துறுதுறுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். குழந்தை விரல்விட்டு எண்ணியது, முகம் சுருங்கியது, ரப்பரை எடுத்தது. போர்டை நிமிர்ந்து பார்த்தது. பிறகு ரப்பரை வைத்துவிட்டு, கீழே இருபத்துமூன்று என்று எழுதியது.

ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து நோட்டை எடுத்துப் பார்த்தார். மேலே இருப்பது தப்பாயிற்றே என்றார்.

“ஆமா மிஸ். அது அங்கயே இருக்கட்டும்,” என்றாள் ரெட்டைச் சடை.

பம்பரம் மிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.