கன்னியம்மா கேட்ட சம்பளச் சீட்டு

அம்மா கொண்டுவரும் சம்பள நோட்டுகளில் ரப்பரும் இயந்திர எண்ணெயும் கலந்த வாடை அடிக்கும். தொண்ணூறுகளில் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்த ஒரு தொழிற்சாலையில், ரப்பர் வளையங்களுக்குப் பிசிறு வெட்டும் வேலை பார்த்தார் என் அம்மா கன்னியம்மா. அப்பா இறந்த பிறகு, சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் போய்வந்த அந்த வேலைதான் எங்கள் இருவருக்கும் சோறு போட்டது.

"பர்மனென்ட்" ஆட்களுக்கு ஒட்டிய பழுப்புக் கவரில் சம்பளம் வரும். உள்ளே ஒரு சீட்டும் இருக்கும், அதை அவர்கள் பஸ்ஸில் விரித்து வைத்துப் படித்துக்கொண்டு வருவார்கள். அம்மாவைப் போன்ற "கான்ட்ராக்ட்" பெண்களுக்குக் கேட்டுக்கு வெளியே மடக்கு மேசை போட்டு உட்கார்ந்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கான்ட்ராக்டர் பணத்தைக் கையில் கொடுப்பார். "பி.எஃப்., இ.எஸ்.ஐ. போக இவ்ளோதான்" என்பார். போனது எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை.

நான் ஏழாவது படித்தபோது ஒருநாள் பிசிறு வெட்டும் கத்தி அம்மாவின் இடது கட்டைவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அம்மா பெயரே அதில் இல்லை, சம்பளச் சீட்டு இருந்தால் எடுத்து வாருங்கள் என்றார். இல்லாத சீட்டை எங்கே போய் எடுப்பது? தனியார் டாக்டரிடம் காசு கொடுத்துத் தையல் போட்டுக்கொண்டோம்.

அடுத்த சம்பள நாள் சனிக்கிழமையில் வந்ததால் நானும் கூடப் போயிருந்தேன். அம்மாவின் முறை வந்தது. பேனாவைத் தொடாமல், "சீட்டு குடுங்கண்ணா, கையெழுத்து போடறேன்" என்றார்.

"துட்டுதான் கைக்கு வருதில்ல? சீட்டு இன்னாத்துக்கு?" என்றார் கான்ட்ராக்டர்.

"மாசாமாசம் புடிச்சீங்களே, அது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"அப்ப திங்கக்கிழமலேர்ந்து வராத."

எண்ணி வைத்த பணத்தை அவர் திரும்பப் பெட்டியில் போட்டார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது. அப்போது பின்னால் நின்ற செல்வி அக்கா, வேலை நேரத்திலும் வாய் திறக்காதவர், "எனக்கும் சீட்டு வேணும்" என்று சொல்லிக் கைகட்டி நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் அப்படியே நின்றார்கள். வரிசை நகராததைப் பார்த்துக் கம்பெனி ஆபீஸிலிருந்து ஒருவர் வெளியே வந்து கான்ட்ராக்டரை உள்ளே கூட்டிப்போனார். அன்று சீட்டு கேட்டு நின்ற எல்லோருமே வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

மளிகைக் கடையில் கடன் சொல்லி மூன்று நாள் ஓட்டினோம். நான்காம் நாள் சம்பளத்தோடு சீட்டும் வந்தது. முத்திரை குத்திய அரைத்தாள், கையால் எழுதியது. ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டி நான்தான் படித்துச் சொன்னேன். அந்த மாதத்திலிருந்துதான் அம்மா பெயருக்குப் பி.எஃப். கணக்குத் தொடங்கியிருந்தது. அதற்கு முன் நான்கு வருடம் பிடித்த பணத்துக்கு இரண்டு முறை மனு கொடுத்தும் ஒன்றும் வரவில்லை. "போனது போவட்டும், இனிமே புடிக்கறது என் பேர்ல கீது" என்று அம்மா அதோடு விட்டுவிட்டார். மேலும் பன்னிரண்டு வருடம் அங்கேயே வேலை பார்த்தார். இன்று அவருக்கு வரும் சிறிய பென்ஷன் அந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

இப்போது நான் கேளம்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். மேசையும் கவரும் வரிசையும் போய்விட்டன. சம்பளம் வங்கிக்குப் போகிறது, சீட்டு கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. போன மாதம் அம்மாவுக்கு அதைக் காட்டினேன். ஒவ்வொரு பிடித்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உங்க ஆபீஸ்ல கூட்டிப் பெருக்கறவங்களுக்கும் இது வருதா?" என்றார்.

ஆறு வருடமாகத் தினமும் காலையில் என் மேசையைத் துடைத்துவிட்டுப் போகும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு வருகிறதா என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.