காற்று இல்லாத பரண்

என் பெயர் வெங்கடநாராயணன். பவானிபூரில் ஒரு பள்ளியில் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவன். காலையில் ஏரிக்கரையில் நடப்பேன். திரும்பும்போது லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்கி, வீடு சேருமுன் இருமுறையாவது முகர்ந்து பார்த்துவிடுவேன். கேட்டதைக் கேட்டவாறு சொல்வேன். கூட்டிச் சொல்லும் வழக்கம் என்னிடம் இல்லை. சென்ற ஏப்ரல் மாதம் காளிகாட்டில் ஒரு மாடியறையில் எனக்கு நேர்ந்ததை அவ்வாறே எழுதுகிறேன். நம்ப மறுப்பது உங்கள் உரிமை. ஆனால் அது நடந்தது.

முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருலியாவுக்கு அப்பால், வங்காளமும் ஜார்க்கண்டும் சேருமிடத்தில் ஒரு மலை இருக்கிறது. கோடை பிறந்ததும் அங்கே சால் மரங்களின் இலைகள் முழங்கால் உயரம் உதிர்ந்து கிடக்கும். இலுப்பைப்பூப் பொறுக்குவோர் மரத்தடியைச் சுத்தம் செய்வதற்காகச் சருகுக்குத் தீ வைப்பார்கள். அத்தீ சில ஆண்டுகளில் கட்டுக்கு அடங்காமல் காடேறிவிடும். மலைக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் ஓர் ஊர். தீக்கு எல்லை தெரியாது, பணத்துக்குத் தெரியும். இரண்டு பக்கத்துக் கிராமக் குழுக்களும் ஓர் அறக்கட்டளையும் பல கூட்டங்கள் நடத்தி, இறுதியில் ஒரு பொதுநிதி ஏற்படுத்தின. பக்கத்துக்கு ஒரு பரண், பரணுக்கு ஒரு தீக்காவலர், ஒரு வயர்லெஸ். காவலர் ஒருவரோடு ஒருவர் பேசலாகாது என்பது ஏற்பாடு. எந்தப் பக்கமும் மறுபக்கத்தின் உத்தரவை ஏற்கச் சம்மதிக்கவில்லை. ஆகவே இருவரும் கல்கத்தாவுடனேயே பேசுவார்கள். கல்கத்தா இரண்டு ஊர்களுக்கும் சொல்லும். ஒரு பரணில் பேசுவது மற்றப் பரணில் கேட்கும். அதற்குக் கல்கத்தா சொல்லும் பதில் மட்டும் அங்கே கேட்காது.

அந்தக் கல்கத்தா நான்தான். சம்பளமில்லாத வேலை. நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு அந்தக் காளிகாட்டு மாடியறையில் வயர்லெஸ்முன் போய் உட்காருவேன்.

“ரிடையர் ஆனப்புறமும் மணி அடிச்சா ஓடற புத்தி போகலை பாருங்கோ” என்பாள் என் மனைவி பத்மஜா.

வங்காளப் பக்கத்துப் பரணில் இருந்தவள் சுகுர்மணி. நான் அவளை நேரில் கண்டதில்லை. குரல் மட்டுமே தெரியும். முப்பது வயதுக்குள் இருக்கும். எடுத்ததும் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று சொல்வாள், பிறகுதான் மற்றவை. அவளுடைய குரலுக்குப் பின்னால் ஆடுகளின் கழுத்துமணியும் சருகின் சரசரப்பும் எப்போதும் கேட்கும். என்னை ‘மாஸ்டர்மொஷாய்’, அதாவது ஆசிரியர் ஐயா, என்பாள்; வேலை முடிந்தபின் ஒரு கேலியும் உண்டு.

“கல்கத்தாவுல காத்துன்னா ஃபேன் காத்துதானே, மாஸ்டர்மொஷாய்?”

“அதுவும் கரண்ட் இருந்தால்தான்” என்பேன். அவள் சிரிப்பது சருகு நொறுங்குவதைப் போல் இருக்கும்.

மார்ச் மாதம் முப்பத்தொன்றாம் தேதி நிதி முடிந்தது. தீ பெருகும் மாதமே ஏப்ரல். ஆனால் நிதியாண்டு மார்ச்சோடு தீர்ந்துவிடும். அடுத்த ஒதுக்கீடு மழை தொடங்கிய பிறகே வரும். அறக்கட்டளையின் ஸ்னேகா, நம் லேக் மார்க்கெட் தமிழ்க் குடும்பத்துப் பெண், கண் கலங்கச் சொன்னாள்.

“ரெண்டு பக்கமும் ஒரே பேச்சுதான் மாமா. ‘அவா முதல்ல போடட்டும், நாங்க போடறோம்’ங்கறா. காவல்காரா ரெண்டு பேரையும் இறங்கிடச் சொல்லியாச்சு.”

அன்று மாலையே அவள் என் அறை வயர்லெஸ்ஸின் பாட்டரியைக் கழற்றித் தன் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றாள். அறைச்சாவி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

ஏப்ரல் மூன்றாம் தேதி. மதியத்திலிருந்து வானம் இருண்டு கிடந்தது. அறையில் வைத்துவிட்டு வந்த குடை நினைவுக்கு வந்தது. எடுத்து வரலாம் என்று போனேன். படியேறும்போதே மின்சாரம் நின்றது. பூட்டைத் திறந்தேன்.

மூடிக் கிடந்த அறையில் புகை வாசனை அடித்தது. சமையல் புகையன்று. கருகிய இலுப்பைப்பூவின் புகை... இனிப்பும் கசப்பும் கலந்தது.

சன்னலைத் திறந்தேன். தெருவில் மழைக்கு முந்திய மண்வாசனை. அறையிலோ, புகை.

குடையை எடுத்தேன்.

கர்ர்ர்...

“மாஸ்டர்மொஷாய்.”

பழக்கம் என்னை நாற்காலியில் உட்கார்த்திவிட்டது. பொத்தானை அழுத்தினேன்.

“சொல்லு, சுகுர்மணி. நீ இன்னும் இறங்கவில்லையா?”

“எறங்கலை.”

அவள் காற்றின் திசையைச் சொல்லவில்லை. அப்போதுதான் உணர்ந்தேன். ஆட்டுமணி கேட்கவில்லை. சருகு கேட்கவில்லை. அவள் மூச்சு விடும் ஓசைகூட இல்லை. கிணற்றுக்கு அடியிலிருந்து யாரோ பேசுவதைப் போல் இருந்தது.

“காற்று எந்தப் பக்கம்?”

பொத்தானை விட்டுக் காது கொடுத்தேன். பிறகு...

“இங்கே காத்தே இல்லை, மாஸ்டர்மொஷாய்.”

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

“காத்து கீழேதான் இருக்கு. திரும்பிடுச்சு. தீ இறங்குது. ரெண்டு ஊரையும் கெளப்புங்க. ரெண்டையும்.”

“நீ?”

“ரெண்டையும், மாஸ்டர்மொஷாய்.”

கர்ர்ர்...

நின்றது.

பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தேன்.

எரியவில்லை.

மேசைக்கடியில் குனிந்தேன். இரண்டு கம்பிகள் தொங்கின. அவற்றின் நுனியில் ஒன்றுமில்லை.

படியிறங்கியது நினைவில்லை. தெருவில் நின்றுதான் ஸ்னேகாவை அழைத்தேன்.

“சுகுர்மணி பேசினாள். தீ இறங்குகிறதாம்.”

“எப்படி மாமா? பாட்டரி என் டேபிளுக்குக் கீழே இருக்கே!”

“இரண்டு ஊரையும் கிளப்பு. பிறகு கேள்.”

அவள் மறுகேள்வி கேட்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் பேசினாள். இருட்டுமுன் மக்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். அன்றிரவு இரண்டு ஊர்களின் மேல்தெருக்களும் எரிந்தன. ஊர்களில் உயிர்ச்சேதம் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஸ்னேகா வீட்டுக்கு வந்தாள். பத்மஜா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

“மாமா, சுகுர்மணி இறங்கவே இல்லையாம். சம்பளம் நின்னா தீ நிக்குமான்னு கேட்டாளாம். பரணுக்கடியில உடம்பு கெடந்ததாம்... பரண் எரிஞ்சு சாஞ்சது ரெண்டாம் தேதி சாயந்திரம்.”

“மூன்றாம் தேதி” என்றேன்.

“ரெண்டாம் தேதி மாமா. மலை உச்சியில புகை தெரிஞ்சுதாம். இலுப்பைக்குச் சருகு கொளுத்தறான்னு எல்லாரும் நெனச்சுட்டா. நீங்க எனக்கு ஃபோன் பண்ணினப்போ அவ போய் ஒரு நாள் ஆயிடுத்து.”

பத்மஜா எழுந்து போய்ச் சாமி விளக்கை ஏற்றினாள்.

சென்ற வாரம் பவானிபூரில் இரண்டு குழுக்களும் கூடின. நானும் போனேன். மறுபக்கத்துக் காவலன் தேவ்சரண் வந்திருந்தான். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து நின்றான். இரண்டாம் தேதி தன் கம்பளியை எடுத்துவரத் தன் பரணுக்கு ஏறியிருக்கிறான். அவள் பரணுக்கும் அவன் பரணுக்கும் அரைநாள் நடை. அவனுடைய வயர்லெஸ்ஸில் அவளுடைய குரல் கேட்டிருக்கிறது.

“உங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, மாஸ்டர்ஜி. ‘மாஸ்டர்மொஷாய், தீ மேலே வந்துடுச்சு, கேக்குதா?’ன்னு. பொழுது சாயற வரைக்கும்.”

“நீ பதில் சொல்லவில்லையா?”

“எப்பவும் கல்கத்தாதானே சொல்லும்? உங்க பதில் எனக்குக் கேக்காதே. கல்கத்தாவும் மூடினது எனக்குத் தெரியாது, சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

அவன் அழுதான். அந்த மாலை கல்கத்தா பூட்டிக் கிடந்தது.

பதில் கிடைக்காத ஒருத்தி மறுநாள் மீண்டும் கூப்பிட்டிருக்கிறாள். தனக்காக அல்ல.

கூட்டத்தில் அவளுக்காக எழுந்து நின்றார்கள். கோடை முழுவதற்கும் பொதுநிதி வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டன. யார் முதலில் போடுவது என்பதை மழைக்குப் பின் கூடிப் பேசுவதாக முடிவு செய்தார்கள்.

வெளியே வரும்போது ஸ்னேகா மெல்லக் கேட்டாள்.

“மாமா, அந்த ரூம் சாவி...”

நான் தரவில்லை. நாளை மாலை நான்கு மணிக்கு அங்கே போய் உட்காருவேன். அதற்கு மறுநாளும் போவேன்.

யாராவது கூப்பிட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.