மூன்று வருஷத் தீர்த்தம்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் என் உள்ளங்கை இரண்டிலும் மிளகு மிளகாகக் காய்த்துப் போனது. வெள்ளிக்கிழமை பஜனையில் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டுகிறவன் நான். முருகன் போட்ட முத்திரை என்று உள்ளுக்குள் பெருமை. முதுகில், புழுதியில் தூறல் விழுந்த மாதிரி புள்ளிகள் வந்தபோதுதான் வீட்டுக்காரி கேட்டாள்: “முதுகாலயும் கை தட்டுறீங்களா?”

முத்தியால்பேட்டையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். தோல் டாக்டரம்மா சின்ன வயசு.

“என்ன வேலை?”

“இங்க மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில, பிளாஸ்டிக் டப்பா கம்பெனிம்மா.”

“நாட்டு மருந்து ஏதாச்சும்?”

“மாத்திரைகூடத் தொடமாட்டேன். காலையில தீர்த்தம் மட்டும்தான்.”

பழனி பாதயாத்திரையில் கூட வந்த ஒருத்தர் கொடுத்த நவபாஷாண மணி. ஒன்பது விஷத்தைக் கட்டிச் செய்தது என்றார். ராத்திரி செம்புத் தண்ணீரில் போட்டு, காலையில் எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி. மூன்று வருஷம்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முடியும் நகமும் வெட்டி சோதனைக்கு அனுப்பினார். அடுத்த வாரம் முடிவு வந்தது: “ஆர்சனிக். பாஷாணம்னு சொல்றீங்களே, அதுல ஒண்ணு.”

“மருந்துன்னாங்களேம்மா!”

“மருந்துதான். மாடியில ஒரு ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு இதைத்தான் ஏத்துறோம். அளந்து, அடிக்கடி நெஞ்சைச் சோதிச்சு. நீங்க எப்படி அளந்தீங்க?”

“முருகன் மேல பாரத்தைப் போட்டுட்டேன்மா.”

அவர் சிரிக்கவில்லை. “வீட்ல வேற யாரு குடிச்சா?”

எனக்கு உயிரே போய்விட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் ஓடினேன். “உனக்கு விஷம் வச்சுட்டேன்டி!”

வரிசையே திரும்பிப் பார்த்தது.

“மெதுவா பேசுங்க, போலீஸ் வந்துடப் போவுது” என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, “நான் ஒரு நாளும் குடிக்கல. நீங்க சட்டை மாட்டுற நேரத்துல செம்பருத்திக்கு ஊத்திடுவேன்.”

மூன்று வருஷம் தீர்த்தத்தை ஏமாற்றியிருக்கிறாள். கோபம்தான் வந்திருக்க வேண்டும். காய்த்துப்போன இரண்டு கையையும் அவளைப் பார்த்துக் கூப்பினேன். அவளையும் சோதித்தார்கள்; அடுத்த வாரம் வந்த முடிவில் ஒன்றுமில்லை.

பஸ் ஸ்டாப்பில்தான் எனக்கு உறைத்தது. “அந்தச் செம்பருத்திப் பூவைத்தானேடி தினமும் சாமிக்கு வைக்கிறேன்?”

“பழனியாண்டவர் மேனியே நவபாஷாணம். அவருக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க பஸ்ஸைப் பாருங்க.”