மாலை வகுப்புக்காரி

ஆஸ்பத்திரியில் அவள் தலைமை நர்ஸ். ஆனால் எல்லோருக்கும் அவள் ‘கேள்வி அக்கா’. டாக்டர் மருந்தை மாற்றினால், ஏன் மாற்றினார் என்று கேட்காமல் ஊசியைக் கையில் எடுக்க மாட்டாள்.

இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகுதான் சமூகவியலில் முதுகலை படிக்கும் ஆசை அவளுக்கு வந்தது. பகலில் வார்டு, சாயங்காலம் வகுப்பு. சீருடையை மாற்ற நேரமில்லாமல் மேலே ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவாள். கடைசி பெஞ்சில் கண் சொக்கும். பக்கத்தில் இருக்கும் தபால்காரர் முழங்கையால் இடிப்பார். அப்படித் தூங்கி, விழித்து, அடித்துப் பிடித்து ஒரு வழியாகப் பட்டம் வாங்கிவிட்டாள்.

பல வருடங்கள் கழித்து, கல்லூரியின் பழைய மாணவர் விருந்துக்கு அழைப்பு வந்தது. கணவரும் கூட வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். படியேறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“மாலை வகுப்பை மூடப்போறாங்கன்னு பேச்சு அடிபடுது. நீ இன்னைக்கு எதையும் கிளறாதே. சாப்பிட்டோமா, நாலு பேரைப் பார்த்தோமான்னு கிளம்பிடலாம்.”

“சரிங்க” என்றாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சரி என்றதை அவர் நம்பவில்லை.

மாலை வகுப்பு என்று வாசலில் சொன்னவர்களுக்குச் சமையலறைக் கதவோரம் மேசை போட்டிருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் பாத்திரம் கழுவுகிற சத்தம் காதைப் பிளந்தது.

சாப்பாட்டுக்கு முன் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் பேசினார். நல்ல மனிதர், மென்மையான குரல். “படிப்புங்கிறது முழுநேர வாழ்க்கை. நாளெல்லாம் உழைச்சுக் களைச்சு வர்றவங்க, மிச்சமிருக்கிற தெம்புல ஆழமா சிந்திக்க முடியாது” என்றார். முன்வரிசையில் கல்லூரி முதல்வரின் தலை வேகமாக ஆடியது. மூடுவிழாவுக்கு முன்னுரை எழுதத்தான் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கணவர் அவள் காலை மிதித்தார். அவள் எழுந்துவிட்டாள்.

“கேள்வி நேரம் முடிஞ்சுதும்மா. சாப்பாடு ஆறிடும்” என்றார் பழைய மாணவர் சங்கச் செயலாளர்.

“ஆறட்டும் சார். ஆறின சாப்பாடு எங்களுக்குப் பழகினதுதான்.” பேராசிரியரின் பக்கம் திரும்பினாள். “நான் களைச்சுப்போய்தான் வந்தேன். வகுப்புல தூங்கியும் இருக்கேன். ஆனா முழிச்சிருந்த நேரத்துல யோசிச்சேன்.”

“உங்களைக் குறை சொல்லலை. ரெண்டையும் சேர்த்துச் செய்யறது கஷ்டம் இல்லையா?”

“கஷ்டம்தான். கஷ்டம்னா மூடிடணுமா? அப்படிப் பார்த்தா முதல்ல எங்க ஆஸ்பத்திரியைத்தான் மூடணும்.”

எங்கோ ஒருவர் சிரித்தார். முதல்வர் முகம் சிவந்து, “இது அதுக்கான மேடை இல்லை” என்றார்.

“எது மேடைன்னு சொல்லுங்க, அங்கேயும் வர்றேன். இப்போ, மாலை வகுப்புல படிச்சவங்க கொஞ்சம் எழுந்து நில்லுங்க.”

யாரும் அசையவில்லை. உட்கார்ந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். உட்காரவில்லை. முதலில் அந்தத் தபால்காரர் எழுந்தார். பிறகு தூரத்து மேசையில் ஒரு வக்கீல். பிறகு ஒவ்வொரு மேசையிலும் நாற்காலிகள் நகர்ந்தன. பக்கத்தில் பார்த்தால், அவள் கணவரும் நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க எங்கேங்க படிச்சீங்க?” என்று கிசுகிசுத்தாள்.

“பிள்ளைங்களுக்கு யாரு ராத்திரிச் சாப்பாடு போட்டா? அதுவும் மாலை வகுப்புதான்.”

பேராசிரியர் நின்றவர்களைப் பார்த்துவிட்டு, “நான் இன்னும் யோசிக்கணும்” என்று மைக்கை வைத்துவிட்டார்.

மறுமாதம் விருந்தில் எழுந்து நின்றவர்களில் சிலர் வேலை உடையிலேயே முதல்வர் அறைக்குப் போய், வகுப்பை மூடக்கூடாது என்றார்கள். வகுப்பை மூடவில்லை. வீம்புக்கு நிலத்தடி அறைக்கு மாற்றினார்கள். அங்கேயும் இடம் நிரம்பியது.

அடுத்த வருட விருந்துக்கு அவளுக்கு அழைப்பு வரவில்லை. சாயங்காலம் அவள் தலை வாரிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கணவர், “கூப்பிடலையே?” என்றார்.

“வழி தெரியுமே” என்றாள். அவர் தன் செருப்பைத் தேடப் போனார்.