உள்ளே விட்ட துணி

வெள்ளரிக்காயைத் தோலோடு வட்டவட்டமாக நறுக்கிக்கொண்டிருந்தாள் தையல்காரரின் மனைவி. மாலை வெயில் இன்னும் எதிர்வீட்டுச் சுவரை விட்டு விலகவில்லை. அது விலகுவதற்குள் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் அவளுக்கு மட்டும்தான். துருவிய கேரட், முளைகட்டிய பயறு, ஒரு கை கீரை, மேலே எலுமிச்சைச் சாறு. உப்பு கிடையாது. சமையலறைச் சன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்றுதான் விழுங்குவாள்.

"மாடு அசைபோடுற மாதிரியே இருக்கு அண்ணி" என்று நாத்தனார் ஒருமுறை சொன்னாள்.

"எந்த மாடாவது முழங்கால் வலின்னு உக்காந்து பாத்திருக்கியா?" என்று இவள் கேட்டாள்.

முழங்காலில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் போர்வைகளை மிஷினுக்குள்ளிருந்து இழுத்து இழுத்து வண்டியில் போடுவதற்கு நாள் முழுக்க நிற்க வேண்டும். உடம்பு பெருக்கப் பெருக்க, மாடிப்படிக் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறும் நிலை வந்தது. பட்டினி கிடந்து பார்த்தாள், பொடி கரைத்துக் குடித்துப் பார்த்தாள். போன எடை சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. கடைசியில்தான் ஊருக்கு வெளியே இருந்த இயற்கை மருத்துவ நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். விடிந்ததும் வயிற்றின்மேல் குளுகுளுவென்று ஈரமண் பொதிந்த பட்டி, பிறகு தொட்டியில் இடுப்புக் குளியல், தோட்டத்தைச் சுற்றி நடை, இலைதழைச் சாப்பாடு. முதல் இரண்டு நாள் கனவில் பொரித்த பண்டங்களாக வந்தன.

கிளம்பும்போது அங்கிருந்த மருத்துவர் அம்மா சொன்னார்: "எடையைக் குறைக்கிறது பெரிய வித்தையில்லம்மா. குறைஞ்ச எடையில குடியிருக்கத் தெரியணும். இங்க நீங்க விருந்தாளி. குடித்தனம் எல்லாம் வீட்டுக்குப் போய்த்தான்."

குடித்தனம் நன்றாகவே நடந்தது. எடை மெல்ல மெல்ல இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது. இப்போது படிகளைத் தடதடவென்று ஏறுகிறாள். ஏறி வந்து பார்த்தால் வீட்டில்தான் யாரோ குறைகிற மாதிரி இருக்கிறது.

முன்பெல்லாம் தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு வரும்போது கையில் ஒரு பலகாரப் பொட்டலம் இருக்கும். செருப்பைக் கழற்றும்போதே "குண்டு, எங்க இருக்க? வாயத் திற" என்பார். ஒரே தட்டில் இரண்டு பேரும் கை வைப்பார்கள். அன்று கடைக்கு வந்தவர்களின் கதை எல்லாம் அந்தத் தட்டைச் சுற்றித்தான் நடக்கும். இடுப்பளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பள்ளிக்கூட வாத்தியாரை அவர் நடித்துக் காட்டி, இவளுக்குப் புரையேறியிருக்கிறது. குண்டு என்று கூப்பிடாதீங்க என்று அப்போது எத்தனை சண்டை! இப்போது "இந்தா", "கேட்டியா" என்கிறார். மெலிந்தவளுக்கு என்ன பேர் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

அவரும் முயற்சி செய்யாமல் இல்லை. ஆரம்பத்தில் "நானும் உன்கூடவே தழை திங்கிறேன்" என்று வீரமாகக் கிளம்பினார். ஒரு வாரத்தில் தையல் மிஷினுக்கு எறும்பு வரிசை கட்டியது. டிராயரைத் திறந்தால் பாபின்களுக்கு நடுவே வெண்ணெய் பன். இவள்தான் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் அவமானப்பட்டுவிட்டார். அதிலிருந்து இரவில் தனியாகச் சாப்பிடுகிறார். இவள் எதிரே சுடுதண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்தால், யார் வீட்டுச் சோற்றையோ தின்பவரைப் போலத் தலையைக் குனிந்து அவசரமாக முடித்துவிட்டு எழுந்துகொள்கிறார்.

இன்று கடைக்கு விடுமுறை. முன்னறையில் வீட்டு மிஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. இவள் தட்டோடு சமையலறைச் சன்னலோரம் உட்கார்ந்தாள். கை தூக்கும்போதெல்லாம் அக்குளுக்குக் கீழே சட்டை உறுத்தியது. காலையிலிருந்தே அப்படித்தான். ஏதோ ஊசி தங்கிவிட்டது என்று நினைத்து, படுக்கையறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி உள்பக்கம் திருப்பினாள்.

ஊசி இல்லை. துணி. இரண்டு பக்கத் தையலுக்குள்ளும் கத்தை கத்தையாக மடித்து, பிரியாமல் இருக்க ஓட்டுத்தையல் போட்டு வைத்திருந்தார். அலமாரியைத் திறந்து ஒவ்வொரு சட்டையாகத் திருப்பிப் பார்த்தாள். அவள் மெலிந்தபோது அவர் அளவு குறைத்துப் பிடித்துக் கொடுத்த சட்டைகள். ஒன்றில்கூடக் கத்தரி பட்டிருக்கவில்லை. வெளியே இன்றைய உடம்பு, உள்ளே பழைய உடம்பு முழுசாக.

தையல்காரரோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவளுக்கு இது புரியாதா? வளர்கிற பிள்ளைகளுக்கும் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும்தான் உள்ளே அவ்வளவு துணி விடுவது. மற்றவர்களுக்கெல்லாம் விரல் அகலம் விட்டு வெட்டியெறிந்துவிடுகிற ஆள்.

வேறு சட்டையை மாட்டிக்கொண்டு, இதைக் கையில் எடுத்துப்போய் மிஷின் பலகையில் வைத்தாள்.

"என்னங்க இது?"

அவர் எட்டிப் பார்த்தார். "உறுத்துதா? அமுக்கித் தேய்ச்சுக் குடுக்கிறேன்."

"தேய்க்க வேணாம். வெட்டிருங்க."

"வெட்டிட்டா திரும்ப ஒட்டவா முடியும்? நல்ல துணி."

"திரும்ப ஏத்திக்குவேன்னு நினைச்சீங்களா? அவ்வளவுதான் என்மேல நம்பிக்கையா?"

"சே, அதெல்லாம் இல்ல." அவர் நூல் முனையை விரலில் சுற்றிப் பிரித்தார். "உன் வைராக்கியம் எனக்குத் தெரியாதா."

"பின்ன எதுக்கு?"

அவர் மிஷின் சக்கரத்தின்மேல் கையை வைத்தார். "வந்தா இடம் இருக்கட்டும்னுதான்."

"யாரு வந்தா?"

அவர் பலகையில் கிடந்த சட்டையின் மடிப்பைத் தடவினார். அந்தப் பழைய குண்டுக்காகத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. கோபத்தோடு வந்தவளுக்கு அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மனுஷன் பழைய அவளைத் தையலுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். அவளுக்கும்தான் அந்தத் தட்டும் சிரிப்பும் வேண்டியிருந்தன. பசித்து எழுந்தவளைப் போல எத்தனையோ தடவை அதற்காக ஏங்கியிருக்கிறாள். ஆனால் முழங்காலைத் திருப்பிக் கொடுத்து அதை வாங்க முடியாது.

முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவ எங்கயும் போயிடலைங்க. தினம் பொழுது சாயறதுக்குள்ள சமையக்கட்டுல தனியா உக்காந்து வெள்ளரிக்கா மென்னுக்கிட்டு இருக்கா. கடை ரெண்டு தெரு தள்ளிதான. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. தழையெல்லாம் வேணாம், நீங்க பன்னே தின்னுங்க. ஒளிக்காம என் எதிர்ல உக்காந்து தின்னுங்க. அந்த வாத்தியார் கதையச் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் முகத்தை நேராகப் பார்த்தார். ஒல்லியாகிவிட்ட கன்னத்தை, கழுத்தெலும்பை, அளவெடுக்கிறவர் மாதிரி.

"இப்பவே தட்டு அங்கதான் இருக்கு" என்றாள். "வர்றீங்களா?"

அவர் ஊசியைத் துணியுருண்டையில் குத்தினார். கால்சட்டையில் ஒட்டியிருந்த நூல்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். பிறகு எழுந்து, அவள் முக்காலியைச் சுற்றிக்கொண்டு, முன்னறையை விட்டுப் போனார். சமையலறையில் இன்னொரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.