சொல்லாமல் விட்ட கருவேலம்பூ

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் ஒவ்வாமை ஊசிக்காகச் சனிக்கிழமைதோறும் அந்த நீள பெஞ்சில் உட்காரும் உங்களுக்கு இது தெரிந்த செய்திதான். போன வாரம் ஊசி அறை பூட்டிக் கிடந்தது. நமக்கு ஊசி போடும் சிஸ்டர் இறந்ததை நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் பாப்பம்மாக்காதான் எனக்குச் சொன்னார். “ரெஜினா சிஸ்டர் பூட்ச்சு பாப்பா. மஞ்சக்காமாலையாம். பத்தே நாளு.” எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி ஊசியை யார் போடுவார்கள் என்ற பயம்தான் வந்தது. சாந்தோமில் அவர் வீட்டுக்கு நீங்கள் எல்லோரும் போனீர்கள். கூட்டத்தை நினைத்து நான் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மூச்சிளைப்பினால் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நந்தனத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்து, வெளியாட்களிடம் பேசும் பழக்கமும் போய்விட்டது. தி. நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அப்பாதான் என்னைச் சிஸ்டரிடம் கொண்டுவந்து விட்டார். சிஸ்டர் என் முன்கையில் பேனாவால் எண்கள் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மரத்தின் மகரந்த மருந்தைச் சொட்டு விட்டு, ஊசி முனையால் கீறினார். வேலிக்காத்தான் சொட்டு விட்ட இடம் தடித்தது. கருவேலம் விட்ட இடமும் தடித்தது.

“ரெண்டும் சொந்தக்கார மரம். ஒண்ணோட மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பழக்கினா, இன்னொண்ணையும் உடம்பு பொறுத்துக்கும்,” என்றார். எனக்கு வேலிக்காத்தான் மருந்துப் புட்டி மட்டும் போதும் என்று முடிவாயிற்று.

ஊசிக்கு முன் அவர் எல்லோரையும் கேட்பார்: “மூச்சு எப்படி? வீட்டுப் பக்கம் எது பூத்திருக்கு?” நான் தலையை மட்டும் ஆட்டுவேன். “நீ தலையாட்டுறதைப் பாத்து நான் மருந்து அளக்க முடியாதும்மா,” என்பார். “வாய்ல இன்னா பாப்பா, முத்தா கீது?” என்று பாப்பம்மாக்கா பெஞ்சிலிருந்து கேட்பார். எல்லோரும் சிரிப்பீர்கள். எனக்கு இன்னும் நா எழாது.

ஆடிக் காற்றில் பக்கத்துக் காலிமனைக் கருவேலம் பூத்து, எங்கள் வாசலெல்லாம் மஞ்சள் உருண்டைகள் விழுந்தன. தினமும் நான்தான் கூட்டினேன். சிஸ்டர் கேட்டபோது அதைச் சொல்லவில்லை. என் புட்டியில் இருப்பது வேலிக்காத்தான், அதுதான் பூக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். முழு அளவு ஏறியது. கால்மணி நேரம் ஆகவில்லை. உள்ளங்கை அரித்தது, உதடு தடித்தது, இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. அப்போதும் நான் யாரையும் கூப்பிடவில்லை.

“சிஸ்டர், இந்தப் பொண்ணு மூஞ்சி இன்னாமோ மாறிக்கினு வருது,” என்றார் பாப்பம்மாக்கா. சிஸ்டர் ஓடிவந்து, ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் ஊசியைப் போட்டார். என் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டே இருந்தார்.

மூச்சு திரும்பியதும் கருவேலத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “மரத்துக்குப் பேரு வெச்சது நாம. உன் உடம்புக்கு அந்தப் பேரு தெரியாது. காத்துல வந்ததும் நான் குத்தினதும் அதுக்கு ஒண்ணுதான். ரெண்டும் சேர்ந்துடுச்சு,” என்றார். பிறகு மெதுவாக, “நான் இன்னிக்கு ரொம்ப பயந்துட்டேன். நீ பயந்தா சத்தமா பயப்படும்மா,” என்றார்.

நேற்று புது சிஸ்டர் இருந்தார். என் அட்டையைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை, முழு அளவு மருந்தை ஊசிக்குள் இழுத்துவிட்டார். காலையிலிருந்தே எனக்கு மார்பில் லேசான விசில். அடையாற்றங்கரையில் வேலிக்காத்தான் பூத்திருந்தது. ஸ்பிரிட் பஞ்சு கையில் பட்டதும் கையை இழுத்துக்கொண்டேன்.

“வேணாம். எனக்கு இளைப்பு இருக்கு. ஆத்தங்கரையில பூத்திருக்கு. பயமா இருக்கு,” என்றேன். பெஞ்சு வரை கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. புது சிஸ்டர் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து, மருந்தைக் கைகழுவும் தொட்டியில் கொட்டினார். “இன்னிக்கு வேண்டாமாம்.”

பயம் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையை நினைத்து இப்போதே கை வியர்க்கிறது. ஆனால் நேற்று அந்தக் கையை இழுத்துக்கொண்டு சத்தமாகப் பயந்தது நான்தான். ரெஜினா சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது அது. அதை வைத்துக்கொள்கிறேன்.