அன்று மட்டும் அழிக்காத சிலேட்

மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். காதில் விழுகிறபடி எழுதட்டும், உடனுக்குடன் திருத்த வேண்டாம், போகப்போகத் தானே பிடிபடும் என்கிறார் அவளுடைய டீச்சர். தலையாட்டிவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் கை ரப்பரைத் தேடுகிறது. திருத்தினால் பயந்துவிடுவாளோ, விட்டால் அப்படியே படிந்துவிடுமோ என்று யோசித்தே சோர்ந்துபோகிறேன்.

என் அம்மாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. நான் பிசகி எழுதினால், சொல்லை முடிப்பதற்குள் அவளுடைய ஈர விரல் வந்து அழித்துவிடும். தூத்துக்குடியில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. அதன் பின்னால்தான் வீடு. சரஸ்வதி பூஜைக்குக் கடை டப்பாக்கள் அத்தனையையும் அம்மாதான் கழுவிக் கவிழ்ப்பாள். தராசோடு என் புத்தகங்களுக்கும் சிலேட்டுக்கும் பொட்டு வைப்பார்கள். அன்று படிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் சிலேட்டில் முதலில் எழுதுவதை அன்று முழுவதும் அழிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அந்த வருஷம் நான் கப்பல் என்று எழுதினேன், ஒரு புள்ளிகூட வைக்காமல். அம்மா குனிந்து பார்த்தாள். விரல் வரவில்லை.

"சரி, எந்தி. போய்ச் சாப்பிடு."

அவள் வாயிலிருந்து அந்த 'சரி' வருவதற்காகத்தான் நான் அவ்வளவு நாளும் எழுதிக்கொண்டிருந்தேன். சிலேட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அங்கே உட்கார்ந்திருந்த அத்தை சிரித்தாள்.

"ஏளா, துறைமுகத்துல நிக்கது பத்தாதுன்னு கடைக்குள்ளயும் கப்பல விட்டுட்டியா?"

பள்ளி திறந்ததும் டிக்டேஷனில் அதே கப்பலை அதேபோல எழுதினேன். சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா மல்லிப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீதான பாத்த? சரின்னு சொன்னல்லா?"

"அன்னைக்கு அழிக்கக் கூடாதுளா."

"வாயால சொல்லிருக்கலாம்லா?"

அம்மா மடித்துக்கொண்டே இருந்தாள். சாமிக்குப் பயந்து என்னை ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்தேன்.

நேற்று மகள் நோட்டை நீட்டினாள். வரிக்கு வரி தப்பு. "சரிம்மா, போய் விளையாடு" என்றேன். டீச்சர் சொன்னதற்காக அல்ல. இன்னொரு முறை தப்பு என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவள் துள்ளிக்கொண்டு ஓடினாள்.

புத்தகங்களைப் போலத் தன் விரலுக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுக்க அம்மாவுக்கு ஆசை இருந்திருக்கும் என்பது ஆறு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?